ஊரின் குடிமகன், நாட்டின் குடிமகன்

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்தில், பொழுது ஏறுமுன்பே ஊர் ஓய்ந்துவிடும். ஆணும் பெண்ணும் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பட்டாசு ஆலைகளுக்குப் போய்விடுவர். தலையிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி வெள்ளிபோல் மினுமினுக்க அவர்கள் அந்தியில் திரும்பும்வரை கடைத்தெருவில் அரவமில்லை. அந்தத் தெருவிலே ஒரு முடிதிருத்தகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சுழல் நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, மூலையில் ஒரு பெஞ்சு. கத்திரியைத் துடைத்து வைத்துவிட்டு, வருவார் எவருமின்றி அமர்ந்திருக்கிறார் கடைக்காரர். எதிரெதிர்க் கண்ணாடிகளில் அவருடைய உருவம் பத்தாக, நூறாகப் பெருகித் தெரிகிறது. ஆனால் கடையில் இருப்பவர் அவர் ஒருவரே!

செவ்வாய்க்கிழமை என்றால் முடி வெட்டலாகாது, கடைக்கே பூட்டு. வெள்ளி ஆகாது என்பார் சிலர். அமாவாசை ஆகாது என்பார் சிலர். பிறந்த நட்சத்திரம் ஆகவே ஆகாது என்பார் மற்றும் சிலர். கார்த்திகை பிறந்தால் மலைக்கு மாலை போட்டவர்கள் தாடி வளர்க்கத் தொடங்கிவிடுவர். தை பிறந்த பிறகுதான் பலர் திரும்பி வருவர். வானத்து நட்சத்திரம் கணக்குப் போடுகிறது. வெம்பக்கோட்டைக் கடையிலே அடுப்பு அணைகிறது! நல்ல நாள், கெட்ட நாள் குறித்த நாட்காட்டிகளை நாட்டுக்கெல்லாம் அச்சிட்டு அனுப்பும் ஊர் எது? பக்கத்திலேயே இருக்கும் சிவகாசி! அச்சு எந்திரம் அறிவியல் தந்தது. அதில் அச்சாவதோ இராகு காலம்!

“தனியாக இருக்கிறேன், மனம் ஒடிகிறது” என்று அந்தக் கடைக்காரர் சொன்னால், பக்தர் “கோயிலுக்குப் போய் வாரும்” என்பார். படித்தவர் “மனத்தைத் தளரவிடாதீர்” என்பார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்வர். ஆனால் இந்த நோய் எங்கே பிறந்தது என்று இருவரும் கேட்கமாட்டார்கள். நாம் கேட்போம். அந்த நாற்காலியருகே நிற்கும் தனிமை ஒரு மனிதரின் மனக்குறை மட்டும்தானா? அல்லது ஓர் ஊரே திட்டமிட்டுக் கட்டிய சுவரா? விடை வரலாற்றில் இருக்கிறது.

வரலாறு அந்த மண்ணுக்குப் புதிதன்று. வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரையிலுள்ள தொல்லியல் மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கிற்று. சங்கு வளையல்கள் கிடைத்தன, பாசிமணிகள் கிடைத்தன, விளையாட்டுச் சில்லுகள் கிடைத்தன, தலையலங்காரத்தோடு கூடிய சுடுமண் பெண்ணுருவமும் கிடைத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் முடியைச் சீவி, வகிர்ந்து, முடித்து அழகு பார்த்த மக்கள் வாழ்ந்தனர். முடியின் அழகுக்கு மண்ணிலே சான்று இருக்கிறது. அந்த முடியைத் திருத்திய கைக்குச் சான்று எங்கே? அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. ஆலயத்துக்குக் கல்வெட்டு உண்டு. கத்தி பிடித்தவனுக்கு என்ன உண்டு? ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

‘குடிமகன்’ என்பது அந்தச் சொல். இன்று நாட்டின் உரிமைபெற்ற மனிதர் ஒவ்வொருவரையும் குறிக்க நாம் பெருமிதத்தோடு வழங்கும் சொல்தான். ஆனால் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் அதற்கு வேறொரு பொருள் இருந்தது. ஊருக்குச் சவரம் செய்கிறவர் எவரோ, அவரே குடிமகன். குடிகளுக்கு ஊழியம் செய்யப் பிறந்தவர் என்பது அதன் உட்பொருள். ஒரே சொல்! நாட்டு மன்றத்தில் அது உரிமை. ஊர்த் தெருவில் அது ஊழியம். அந்த இரு பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் முடிதிருத்துவோரின் வரலாறு.

அவர் செய்த ஊழியம் எத்தகையது? முடி வெட்டுவதோடு நின்றதா? இல்லை. கட்டி வந்தால் கீறிச் சீழ் அகற்றியவர் அவர். எண்ணெயும் பச்சிலையும் காய்ச்சிப் புண் ஆற்றியவர் அவர். அவர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். ஊரில் பிறந்த குழந்தைகளை முதன்முதல் ஏந்திய கைகள் அவர்களுடையவை. ஆங்கிலேயர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், இவர்களது மருத்துவத் தொழிலும் பேறுகாலப் பணியும் பதிவாகியிருக்கின்றன. இன்றும் அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி முதலிய பெயர்கள் ஒரே வரியில் நிற்கின்றன. பிராணோபகாரி! உயிருக்கு உதவி செய்பவர் என்பது பொருள். பெயரிலே உயிர் கொடுத்தார்கள். வாழ்விலே இடம் கொடுத்தார்களா?

அதே கத்தி மேலைநாட்டிலும் இருந்தது. அங்கேயும் சவரம் செய்தவரே அறுவை மருத்துவமும் செய்தார். இலண்டனில் 1540ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், முடிதிருத்துவோரையும் அறுவை மருத்துவரையும் ஒரே கழகமாக இணைத்துச் சட்டம் வந்தது. 1745இல் அறுவை மருத்துவர்கள் தனியே பிரிந்தனர். 1800இல் அவர்களுக்கு அரச கல்லூரியே அமைந்தது. பிரெஞ்சு நாட்டில் அம்புருவாசு பாரே என்பவர் சவரக் கடையிலிருந்து புறப்பட்டவர். போர்க்களத்தில் வெட்டுண்ட குருதிக் குழாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தீய்க்காமல் நூலால் கட்டிக் காத்தவர். நான்கு மன்னர்களுக்கு மருத்துவராக விளங்கியவர். அவர் மகன் பிறவியினால் சவரம் செய்யவேண்டும் என்று அங்கே எந்தச் சாத்திரமும் ஆணையிடவில்லை.

இங்கே நடந்தது என்ன? கத்தி அதே கத்திதான். கை அதே கைதான். அங்கே கத்திக்குக் கல்லூரி கட்டினார்கள். இங்கே கத்திக்குச் சாதி கட்டினார்கள்! அங்கே அறிவு கையிலிருந்து நூலுக்கு ஏறியது. இங்கே கையோடு பிறந்து கையோடு மடிந்தது. ஆங்கில மருத்துவமனை வந்தபோது மருத்துவத்தைப் பறிகொடுத்தவர் கையில் எஞ்சியது சவரம் ஒன்றே. மருத்துவர் என்ற பெயர் மட்டும் பழைய மாளிகையின் தூண்போல் நின்றது. சித்த மருத்துவரான பண்டிதர் எஸ்.எஸ். ஆனந்தம் போன்றோர் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வந்து நின்றதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இழந்ததன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இனித் தனிமையின் கருவைக் காண்போம். ஊரில் எவரும் எவரையும் தொடத் தயங்கிய காலத்தில், எல்லாத் தலைகளையும் தொட்டவர் இவர். பண்ணையாரின் கழுத்தருகே கூர்தீட்டிய கத்தியை வைத்தவர் இவர். அந்த அளவு நம்பிக்கை! ஆனால் சவரம் முடிந்ததும் பண்ணையார் தலைமுழுகித் ‘தீட்டு’க் கழித்துக்கொள்வார். அடைப்பத்தைச் சுருட்டிக்கொண்டு இவர் கொல்லைப்புறமாக வெளியேறுவார். கழுத்தைக் கொடுப்பான், திண்ணையைக் கொடுக்கமாட்டான்! தொடுவதற்கு உரியவர், ஆனால் சேர்வதற்கு உரியவரல்லர். உலகில் இதைவிடக் கொடிய தனிமை வேறு உண்டோ? காட்டில் இருப்பவனின் தனிமைக்குக் காரணம் காடு. கூட்டத்தின் நடுவே நிற்பவனின் தனிமைக்குக் காரணம் கூட்டம்.

கொங்கு நாட்டுப் பக்கம் செல்வோம். அங்கே வேளாளர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் நாவிதரே. கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த வாழ்த்தை அவர் வாயால் கேட்டால்தான் மணம் நிறைவுறும் என்பது மரபு. வாழ்த்து வேண்டும், வாழ்த்தியவரோடு ஒரே பந்தியில் உண்ண மட்டும் மனம் வராது. தென்பாண்டிச் சீமையிலோ சாவு வீட்டுக்கு முதலில் அழைக்கப்படுகிறவர் அவர். காரியம் முடியும்வரை உடன் நிற்பவர் அவர். இந்தப் பட்டாசு வட்டாரத்தில் அந்த அழைப்பு எத்தனை கொடியது என்பதை நினைத்துப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளம் வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்ற வாரம் தம் நாற்காலியில் அமர்ந்து கதை பேசியவருக்கே இறுதிக்கடன் செய்யும் நிலை இந்தத் தொழிலில் உண்டு. ஊர் முழுவதற்கும் ஆறுதலாக நிற்பவரிடம், “உமக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்பவர் எவர்?

தனிமைக்கு மேடையும் விலக்கன்று என்பதைச் சிவகாசி மண்ணில் பிறந்த ஒருவர் வாழ்வு காட்டும். அவர் விசுவநாததாஸ், 1886ஆம் ஆண்டு மருத்துவர் குலத்தில் பிறந்தவர். நாடக மேடையில் முருகனாக வந்து, வெள்ளையரைக் கொக்காக உருவகித்துப் பாடி, ஆயிரக்கணக்கானோரைத் தட்டி எழுப்பியவர். அதற்காகப் பன்முறை சிறை புகுந்தவர். கதர் உடுத்தியவர், காங்கிரசைச் சார்ந்தவர், நம் கொள்கைக்காரர் அல்லர். ஆயினும் உண்மையை மறைப்பது நம் வழக்கமன்று. அவர் குரலுக்குக் கூட்டம் கூடியது. ஆனால் அவர் பிறப்பைக் காரணம் காட்டி அவருக்கு இணையாக நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். முருகன் வேடத்திலே வந்தவரைத் தொழ ஆள் உண்டு; வேடத்துக்குள் இருந்த மனிதரோடு நிற்க ஆள் இல்லை! 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னையில், வள்ளி திருமண நாடகத்தில், மயில்மீது அமர்ந்த கோலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தேசபக்தி அவருக்குச் சிறையைத் தந்தது, புகழைத் தந்தது. சாதி தந்த தனிமையை மட்டும் அதனால் தீர்க்க இயலவில்லை. ஏனெனில் அந்தத் தனிமையின் வேர் வெள்ளையனிடத்தில் இல்லை; நம்மிடத்தில் இருந்தது.

அந்த வேரின்மீது கோடரி விழுந்ததும் இதே வட்டாரத்தில்தான். அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928ஆம் ஆண்டு தந்தை பெரியார் முன்னின்று நடத்திய மணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகப் போற்றப்படுகிறது. 1929இல் செங்கற்பட்டு மாநாடு, பெயரின் வாலாகத் தொங்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது. 1931ஆம் ஆண்டு சுயமரியாதை மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடிற்று. 1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்தது. புரோகிதர் தேவையில்லை என்ற முழக்கத்தின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. மேலே சடங்கு செய்கிறவன் விலகினால், கீழே சடங்கின் சுமையைச் சுமந்தவனும் விடுதலை பெறுகிறான்! மணவீட்டில் ஊழியராக நின்றவர், விருந்தினராக முன்வரிசையில் அமரும் வழி அன்று திறந்தது.

இந்த மாற்றத்தோடு இணைந்து வந்தது ஒரு சிறு புரட்சி. அதற்கு எவரும் விழா எடுப்பதில்லை. அதன் பெயர் சலூன்! வீடுவீடாகச் சென்று, கொல்லைப்புறத்தில் குந்தி, அறுவடைக்கு அறுவடை நெல்லோ கம்போ பெற்று வந்தவர், தெருவில் கடை வைத்தார். இனி அவர் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஊர் அவரைத் தேடி வந்தது. இனி அவர் குந்தியிருக்க வேண்டியதில்லை. வந்தவர் அமர, அவர் நிமிர்ந்து நின்று வேலை செய்தார். சுவரில் கட்டணப் பட்டியல் தொங்கியது. பண்ணையாருக்கும் அதே கட்டணம். பாட்டாளிக்கும் அதே கட்டணம். “எனக்கு முன் வந்தவருக்கே முதலில்” என்று காத்திருக்கும் பழக்கத்தை நம் ஊருக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிகளுள் அதுவும் ஒன்று.

சலூன் என்ற சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்புத் தோன்றும். பிரெஞ்சு மொழியில் அது கூடத்தைக் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கூடங்களில்தான் அறிஞர்கள் கூடினர். மன்னனின் மமதையையும் மதகுருவின் மடமையையும் எதிர்த்து வாதிட்டனர். திதரோ போன்றோரின் சிந்தனைக்குச் செவிகள் கிடைத்த இடங்கள் அவை. அந்தச் சொல் கடல் கடந்து நம் ஊருக்கு வந்தபோது, அதன் பொருளும் கூடவே வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். கழகம் வளர்ந்த காலத்தில், ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் ‘முரசொலி’யும் உரக்கப் படிக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானவை தேநீர்க் கடையும் சலூனுமே அல்லவா? எழுத்தறிந்த ஒருவர் படித்தார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டனர். முகத்தில் சோப்பு நுரையோடு மறுத்துப் பேசியவர் உண்டு. கத்தியை நிறுத்திவிட்டு விளக்கம் சொன்ன கடைக்காரரும் உண்டு. சலூன்காரர்களின் அரசியல் என்று ஏளனம் பேசியவர்கள் இருந்தனர். அந்தக் கூடங்களில் திரண்ட கருத்து 1967இல் கோட்டைக்குள் நுழைந்தது!

கவனியுங்கள் தோழர்களே. அந்த நாட்களில் முடிதிருத்துவோரின் தனிமை எவ்வாறு குறைந்தது? எவரும் அவருக்கு ஆறுதல் மொழி கூறவில்லை. அவரும் தன் தனிமையைப் பற்றிப் புலம்பவில்லை. ஒரு பெஞ்சு போட்டார். ஓர் ஏடு வாங்கினார். ஒரு கொள்கைக்கு இடம் கொடுத்தார். கொள்கை கூட்டத்தைக் கொண்டுவந்தது. கூட்டம் தோழமையைக் கொண்டுவந்தது.

தமிழகத்துக்கு வெளியிலும் இதற்குச் சான்று உண்டு. பம்பாயில் 1890ஆம் ஆண்டு, தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே, சோதிராவ் புலேயின் வழியில் நின்று, முடிதிருத்துவோரைக் கூட்டினார். கணவனை இழந்த பார்ப்பனப் பெண்களின் தலையை மழிக்கும் கொடுமை அன்று வழக்கிலிருந்தது. “இனி எங்கள் கத்தி அந்தப் பாவத்தைச் செய்யாது” என்று அந்தத் தொழிலாளர்கள் உறுதி பூண்டனர். இருட்டறையில் ஒதுக்கப்பட்ட பெண்ணின் தனிமையை, தெருவில் ஒதுக்கப்பட்ட ஆண் உணர்ந்தார். தன் கூலியை இழக்கத் துணிந்து அவள் பக்கம் நின்றார். படித்த பெருமக்கள் பலர் பேசத் தயங்கிய வேளையில் கத்தி பேசியது! பிற்காலத்தில் பீகாரில் அதே தொழிற்குலத்தில் பிறந்த கர்ப்பூரி தாக்கூர் இருமுறை முதலமைச்சரானார். 1978இல் அவர் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு தந்து பலத்த எதிர்ப்பைத் தாங்கினார். 2024இல் நாட்டின் உயர்ந்த விருதான பாரத ரத்னா, அவர் மறைவுக்குப் பின் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பெருமையை மட்டும் பேசி முடித்தால் அது வரலாறு ஆகாது, புகழ்ப்பாட்டு ஆகிவிடும். கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்ட இவரே, தம்மினும் ஒதுக்கப்பட்டவருக்கு நாற்காலியை மறுத்த கதை நம் ஊர்களில் உண்டு. சேரியிலிருந்து வந்தவருக்கு முடி வெட்டினால் மற்றவர் வரமாட்டார்கள் என்ற அச்சம். ஆதிக்கச் சாதியாரின் மிரட்டல். சில இடங்களில் தம்மிடமே புகுந்துவிட்ட ஆணவம். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கடைகளில் எவரையும் சாதி காட்டித் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் நாற்காலி மறுக்கப்படும் செய்தி இன்னும் காதில் விழுகிறது. முடிதிருத்தும் தோழரே, எவருக்காக நீர் கதவை மூடுகிறீரோ, அவர்கள் தம் பந்தியில் உமக்கு இலை போட்டதுண்டா? அந்தக் கதவு மூடும்போது வெளியே நிற்பவர் மட்டுமா தனியாகிறார்? உள்ளே நிற்கும் நீரும் அன்றோ!

இன்று நிலை என்ன? உரிமைகள் சில வந்தன. 1989இல் கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீட்டை வகுத்தது. முடிதிருத்துவோருக்கென நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், பொறியாளராகிறார்கள், உண்மையான மருத்துவராகவும் ஆகிறார்கள். மகிழ வேண்டியதே. ஆனால் கடையில் நிற்கும் தந்தையின் தனிமை புதிய வடிவம் கொண்டுவிட்டது. பெஞ்சு இருக்கிறது; ஏடு இல்லை. நால்வர் காத்திருந்தாலும் நால்வரும் கைப்பேசிக்குள் குனிந்திருக்கிறார்கள். கூட்டம் இருந்தும் கூடம் இல்லை! 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, தொட்டுச் செய்யும் தொழில் என்பதனாலேயே இரண்டு மாதக் காலம் அந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. 2021இல் வந்த ‘மண்டேலா’ திரைப்படம், பெயரும் முகவரியுமற்றுக் கிடந்த ஒரு சிற்றூர் முடிதிருத்துவோரை, அவரது ஒரே வாக்குக்காக ஊர் தேடிய கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தது. சிரித்து முடித்தபின் சிந்தித்தோமா? குடிமகன் குடிமகனாக மதிக்கப்பட ஒரு தேர்தல் வரவேண்டியிருந்தது!

வழி இல்லையா? இருக்கிறது, தூத்துக்குடி வரை சென்றால் கண்ணால் காணலாம். அங்கே மில்லர்புரத்தில் பொன். மாரியப்பன் என்பவர் தம் முடிதிருத்தகத்துக்குள்ளேயே நூலகம் அமைத்தார். காத்திருப்போர் கையில் கைப்பேசிக்கு மாற்றாக நூலைக் கொடுத்தார். படிப்பவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தந்தார். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமரும் தம் வானொலி உரையில் அவரோடு பேசினார். எவர் பாராட்டினார் என்பது நமக்குப் பெரிதன்று. என்ன நடந்தது என்பதே பெரிது. பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமற்போன ஒருவர் தம் கடையை ஊரின் படிப்பகமாக்கினார். அங்கே கண்ணாடியில் தெரிவது அவருடைய முகம் மட்டுமன்று. புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் மாணவர்களின் முகங்களும்.

எனவே, வெம்பக்கோட்டைப் பக்கத்து இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடைக்காரரின் தனிமைக்கு நீங்கள் இரங்க வேண்டா. அவர் கடைக்குச் செல்லுங்கள். செவ்வாய்க்கிழமையும் செல்லலாம், அவர் கதவைத் திறந்தால்! அமாவாசையன்று சென்று முடி வெட்டிக்கொள்ளுங்கள். வானம் இடிந்து விழாது. ஓர் ஏட்டுக்குச் சந்தா கட்டி அவர் பெஞ்சில் போடுங்கள். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். அவரைத் தொழிற்பெயரால் அழைக்காமல் சொந்தப் பெயரால் அழையுங்கள். உங்கள் வீட்டு மணவிழாவில் அழைப்பிதழ் கொடுத்து, முதற்பந்தியில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள். நாற்காலி எவருக்கேனும் மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டவரோடு கூடச் செல்லுங்கள். மிரட்டுவோர் வந்தால், கதவைத் திறந்துவைத்த கடைக்காரரோடு கூட நில்லுங்கள். அவர் தனியாக நின்றால்தான் மிரட்டல் வெல்லும்.

குடிகளுக்கு ஊழியம் செய்தவரைக் குடிமகன் என்றது பழைய ஊர். உரிமையோடு வாழ்பவரைக் குடிமகன் என்கிறது புதிய நாடு. சொல் ஒன்றே, இடையிலுள்ள தொலைவோ பல நூற்றாண்டு. அதில் பெரும்பகுதியை நம் முன்னோர் நடந்து கடந்துவிட்டனர். எஞ்சியிருப்பது உங்கள் வீட்டு வாசலுக்கும் அவர் கடைப் படிக்கும் இடையிலுள்ள தொலைவு. நடந்து போய் அந்தப் பெஞ்சில் அமருங்கள்!